ஜெர்மனியா, ஜப்பானா: அமெரிக்கச் சிப்பாயின் சொந்தக் காருக்கு எந்த நம்பர் பிளேட் நல்லது?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அமெரிக்கச் சிப்பாயின் காரை அந்நாட்டு அலுவலகம் பதிவு செய்வதில்லை. அமெரிக்க ராணுவமே தனிப் பதிவேடு வைத்துப் பிளேட் கொடுக்கிறது. ஒரு காலத்தில் அதில் 'ஏ.டி.', 'எச்.கே.' என்ற எழுத்துகள் இருந்தன. அப்போது எந்த ஜெர்மன் ஊருக்கும் அந்தக் குறி இருக்கவில்லை. அதனால் பார்த்தவுடனே ஆள் தெரிந்துவிடும், தாக்க நினைப்பவனுக்கும்தான். அந்தப் பயத்தால் பின்னர் உள்ளூர்க் குறிக்கு மாறினார்கள். இன்று அமெரிக்கப் படைத்தளங்கள் உள்ள கைசர்ஸ்லாட்டர்ன் நகரின் பக்கம் 'கே.எல்.' என்று தொடங்கும் பிளேட் பக்கத்து வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம், விமானப்படைக்காரருடையதாகவும் இருக்கலாம்.

ஜப்பானில் கதை தலைகீழ். அங்கே இருக்கும் அமெரிக்கப் படைகள் பற்றி இரு நாடுகளும் செய்துகொண்ட 1960 ஒப்பந்தத்தின் 10ஆம் பிரிவுப்படி, சொந்தக் காருக்கு ஜப்பானிய பிளேட்தான். ஆனால் பெரிய எண்களுக்கு இடப்பக்கம், வழக்கமாக ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்து ஒன்று நிற்கும் சின்ன இடத்தில், ஆங்கில 'ஒய்' நிற்கும். அமெரிக்கத் தளங்கள் நிறைந்த ஒகினாவா தீவின் சிக்னலில் பின்னால் நிற்பவருக்கு அந்த ஓரெழுத்தே போதும்.

காரைப் பொறுத்தவரை ஜெர்மனிதான் வசதி: ஊரிலிருந்தே அரசு செலவில் கப்பலில் கொண்டுபோகலாம். ஜப்பானுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே பழைய கார் வாங்கிக்கொள்கிறார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம்.

குடும்பத்தோடு போகிறவர் கேட்டால், நான் ஜெர்மன் முறையைத்தான் சொல்வேன். பின் சீட்டில் குழந்தை இருக்கும்போது, அப்பாவின் வேலையைக் கார் ஊருக்கே சொல்ல வேண்டாம். ஆனால் விபத்து நடந்தால் யாரிடம் போய் நிற்பது என்று ஒகினாவாக்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு அந்த 'ஒய்' தேவைப்படுகிறது.