கன்சோல் விளையாட்டுக்கு இன்டர்லேஸ்டா, ப்ரோகிரசிவா? மூன்று டிவிகளில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கேம் கன்சோலின் திரை அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் 480ஐ, 480பி, 720பி, 1080ஐ, 1080பி என்று ஒரு வரிசை தென்படும். எண் படத்தின் வரிகளைக் குறிக்கும்; ஐ (i) என்பது வரிகளைப் பாதி பாதியாக அனுப்பும் இன்டர்லேஸ்டு முறை, பி (p) என்பது எல்லா வரிகளையும் ஒரேயடியாக அனுப்பும் ப்ரோகிரசிவ் முறை. எண் பெரிதாக இருப்பதே சிறந்தது என்று கருதி, 720பி கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் 1080ஐ அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பிளேஸ்டேஷன் 2, நின்டெண்டோவின் வீ (Wii), பிளேஸ்டேஷன் 3 ஆகிய கன்சோல்களை முதலில் 29 அங்குலப் படக்குழாய் டிவியிலும், பிறகு 32 அங்குல எச்.டி. ரெடி எல்.சி.டி. டிவியிலும், இப்போது ஒரு ஃபுல் எச்.டி. டிவியிலும் பல ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். தட்டைத் திரையில் விளையாடுபவர்கள் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதன் பின்னால் நிற்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதே இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

இன்டர்லேஸ்டு முறையில் ஒரு படத்தின் எல்லா வரிகளும் ஒன்றாக வருவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவையும் இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவையும் என, வினாடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள் வருகின்றன. பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் இது 50. படக்குழாய் டிவி இந்த அரைப்படங்களை வந்த வரிசையிலேயே நேரடியாகத் திரையில் வரைந்துவிடும். எல்.சி.டி. திரைக்கு அந்த இயல்பு கிடையாது. அது ஒவ்வொரு முறையும் முழுப்படத்தைக் காட்டியாக வேண்டும் என்பதால், டிவிக்குள் இருக்கும் ஒரு சில்லு இரண்டு அரைப்படங்களைக் கோத்து முழுப்படமாக்குகிறது. அசையாத காட்சியில் இந்த வேலை சுத்தமாக நடக்கும். அசைவு வந்ததும், ஒரு அரைப்படத்தில் ஓரிடத்தில் இருந்த பொருள் அடுத்ததில் சற்று நகர்ந்திருப்பதால், விளிம்புகள் சீப்பின் பற்களைப் போலப் பிளந்து தெரியும். அதைத் தவிர்க்க முயலும் டிவிகள் அந்த இடத்தில் படத்தை மழுக்கிவிடுகின்றன.

எண்களை வைத்துப் பார்த்தாலும் இதே முடிவுதான் கிடைக்கிறது. வினாடிக்கு 60 முறை படம் மாறும் விளையாட்டில், 720பி அமைப்பு ஒவ்வொரு முறையும் 720 வரிகளைத் தருகிறது. 1080ஐ அமைப்பு 540 வரிகளை மட்டுமே தருகிறது. அகலவாக்கில் 1280க்கு 1920 என்ற ஆதாயம் உண்மைதான். ஆனால் 32 அங்குல எச்.டி. ரெடி டிவிகள் பலவற்றின் திரையே 1366×768 புள்ளிகள் கொண்டது என்பதால், அந்தக் கூடுதல் அகலம் திரையை எட்டும் முன்பே சுருக்கப்பட்டுவிடுகிறது.

நம் டி.டி.எச். எச்.டி. சேனல்களும் 1080ஐ முறையில்தான் வருகின்றன, அவை நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். கிரிக்கெட் ஒளிபரப்பு பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. டிவி நான்கைந்து அரைப்படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நிதானமாக ஒப்பிட்டுக் கோத்துத் தர அவகாசம் இருக்கிறது. விளையாட்டில் பொத்தானை அழுத்தும் விரலுக்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான இடைவெளியே அனுபவத்தின் உயிர். 60 ஹெர்ட்ஸில் ஒரு அரைப்படத்துக்காகக் காத்திருந்தாலே 16.7 மில்லி வினாடி போய்விடும். என் எச்.டி. ரெடி டிவியில் ஒரே சண்டை விளையாட்டை 1080ஐ, 720பி என்று மாற்றி மாற்றி ஆடும்போது, தடுப்பாட்டத்தின் நேரக்கணக்கு முதல் அமைப்பில் தவறுவதும் இரண்டாவதில் கைக்குள் வருவதும் தெளிவாகத் தெரிந்தது. டிவியின் கேம் மோடை (படத்தைச் செப்பனிடும் வேலைகளைக் குறைக்கும் அமைப்பு) இயக்கினால் தாமதம் குறைகிறது. ஆனால் என் டிவியில் கோக்கும் வேலையின் தரமும் அதோடு சேர்ந்து குறைந்தது.

பிளேஸ்டேஷன் 3 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் அமைப்புப் பக்கத்தில் டிவி ஏற்கும் தீர்மானங்கள் (ரெசல்யூஷன், அதாவது 720பி, 1080ஐ போன்ற பட அளவுகள்) அனைத்தையும் தனித்தனியே டிக் செய்யும் வசதி உண்டு. விளையாட்டும் அந்தப் பட்டியலும் ஒத்துப்போகும் மிக உயர்ந்த தீர்மானத்தைக் கன்சோல் எடுத்துக்கொள்ளும். அந்தக் கன்சோலின் பெரும்பாலான விளையாட்டுகள் 720பி அளவை ஒட்டி உருவாக்கப்பட்டவை. 720பி டிக்கை எடுத்துவிட்டு 1080ஐ மட்டும் வைத்திருந்தால், அத்தகைய விளையாட்டுகள் பல 1080ஐ அமைப்புக்கு ஏறாமல் 480பி அல்லது 576பி அளவுக்கு இறங்கிவிடும். எக்ஸ்பாக்ஸ் 360 இதில் வேறுபட்டது. அதற்குள்ளேயே இருக்கும் ஸ்கேலர், நாம் தேர்ந்தெடுத்த ஒரே தீர்மானத்துக்கு எல்லா விளையாட்டுகளையும் மாற்றித் தரும். ஃபுல் எச்.டி. டிவியில் பிளேஸ்டேஷன் 3க்கு 720பி, 1080பி இரண்டையும் டிக் செய்து, 1080ஐ டிக்கை எடுத்துவிட்டிருக்கிறேன். கிரான் டூரிஸ்மோ 5 என்ற கார்ப் பந்தய விளையாட்டுக்கு மட்டும் 1080பி டிக்கையும் எடுத்துவிடுவேன். 1080பி அமைப்பில் அது வரைவது 1280×1080 புள்ளிகள்தான். 720பி அமைப்பில் வண்டிகள் நெருங்கி ஓடும் வளைவுகளில் காட்சி இன்னும் சீராக ஓடுகிறது. கேபிளையோ டிவியையோ மாற்றியபின் படமே வராவிட்டால், கன்சோலின் பவர் பொத்தானை இரண்டாவது பீப் ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடித்தால் வீடியோ அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பும்.

கிரான் டூரிஸ்மோ தொடரின் நான்காவது பாகம், பிளேஸ்டேஷன் 2க்காக வந்தது, இந்த ஒப்பீட்டுக்கு மிகச் சிறந்த உரைகல். அதன் அமெரிக்கப் பதிப்பில் 480பி, 1080ஐ இரண்டும் இருக்கின்றன. (உறவினர் ஒருவர் அங்கிருந்து கொண்டுவந்த கன்சோலில், 110 வோல்ட் மாற்றி வைத்து ஆடுகிறேன்.) 1080ஐ என்று பெயர் பெரிதாக இருந்தாலும், ஒவ்வொரு அரைப்படத்துக்கும் அந்த விளையாட்டு வரைவது 640×540 புள்ளிகள், அதுவே அகலவாக்கில் நீட்டப்படுகிறது. 480பி அமைப்பில் 640×480 புள்ளிகள் முழுமையாக, ஒரே நேரத்தில் வருகின்றன. எல்.சி.டி. திரையில் சாலையோரக் கம்பிகளும் தூரத்து வெள்ளைக் கோடுகளும் 1080ஐ அமைப்பில் நடுங்கின. 480பி அமைப்பில் அவை நின்ற இடத்தில் நின்றன.

வீ கன்சோலில் முடிவெடுப்பது எளிது. காம்போனென்ட் கேபிள் (படத்தை மூன்று தனி இழைகளில் அனுப்பும் கேபிள்) வாங்கி, 480பி அமைப்பை இயக்கிவிட்டால் போதும்; உடன் வரும் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கேபிளில் அந்த அமைப்பு கிடைக்காது.

படக்குழாய் டிவியில் நிலைமை தலைகீழ். அங்கே 480ஐ குறைபாடே அல்ல, அந்த விளையாட்டுகள் பிறந்த வீடு அதுதான். என் 29 அங்குல டிவியின் காம்போனென்ட் இணைப்பு இன்டர்லேஸ்டு சிக்னலை மட்டுமே ஏற்கும். இருந்தும், தாமதம் இல்லாத அதன் படத்தில் பிளேஸ்டேஷன் 2 இன்றும் அழகாக இருக்கிறது. அந்தக் கன்சோலின் தொடக்ககால விளையாட்டுகள் சில, ஒவ்வொரு அரைப்படத்துக்கும் பாதி உயரத்தை மட்டுமே வரைபவை. அவற்றை மென்பொருள் வழியாக வலுக்கட்டாயமாக 480பி அமைப்புக்கு மாற்றினாலும், இல்லாத வரிகள் புதிதாகத் தோன்றிவிடுவதில்லை. முறையாக 480பி வசதி தரப்பட்ட விளையாட்டுகள் பலவற்றில், தொடங்கும்போது முக்கோணப் பொத்தானையும் எக்ஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அந்தத் தேர்வு திரையில் வரும். அதற்கு முன் கன்சோலின் அமைப்பில் காம்போனென்ட் வெளியீடு ஆர்.ஜி.பி. நிலையில் இல்லாமல் மற்ற நிலையில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

480ஐ மட்டுமே தரும் விளையாட்டுகளைத் தட்டைத் திரையில் ஆட விரும்புவோருக்குத் தனி மாற்றிக் கருவிகள் இருக்கின்றன. நான் பயன்படுத்தும் ஓ.எஸ்.எஸ்.சி. கருவி, அரைப்படத்தின் ஒவ்வொரு வரியையும் இரட்டித்து அனுப்புவதால் தாமதம் ஏறக்குறைய இல்லை. ஆனால் படம் மேலும் கீழுமாக மெல்ல அதிரும், சில எல்.சி.டி. திரைகளில் அந்த அதிர்வின் தடம் சற்று நேரம் தங்கவும் செய்யும். ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போன்ற கருவிகள் அசைவைக் கணித்துக் கோப்பதால் இந்த அதிர்வு பெரிதும் அடங்குகிறது. பிளேஸ்டேஷன் 1 காலத்து 240பி விளையாட்டுகளுக்கு ஓ.எஸ்.எஸ்.சி. தாராளமாகப் போதும்: பல எல்.சி.டி. டிவிகள் 240பி சிக்னலை 480ஐ என்று தவறாகப் புரிந்துகொண்டு வீணாகக் கோக்க முற்படுவதால், அடி வாங்கும்போது கண்சிமிட்டி மறைய வேண்டிய பாத்திரங்கள் வரி வரியாகக் கிழிந்து தெரியும். இந்தக் கருவி இடையில் வந்ததும் அந்தக் கோளாறு அடியோடு நின்றுவிட்டது.