விலை சொன்ன பிறகு: காத்திருப்பதா, கூட்டுவதா, முற்பணம் கொடுப்பதா, தவணை வைப்பதா?

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் 14 பேர்ச் காணியோடு கூடிய ஒரு பழைய கல்வீட்டுக்கு நாங்கள் விலை சொல்லி இன்றோடு பதினாறு நாட்கள் ஆகின்றன. உரிமையாளர் கேட்டது இரண்டு கோடி ரூபா. நாங்கள் சொன்னது ஒரு கோடியே 80 இலட்சம். “கேட்டுச் சொல்றன் தம்பி” என்று போன தரகர், இப்போது தொலைபேசியை எடுப்பதும் குறைந்துவிட்டது. இந்த நாட்களில் வாங்குபவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. பேசாமல் காத்திருக்கலாம், விலையைக் கூட்டலாம், முற்பணம் கொடுத்து வீட்டைப் பிடித்து வைக்கலாம், பதிலுக்கு ஒரு தவணை வைத்து, அதாவது கடைசித் தேதி சொல்லி, எழுத்தில் கேட்கலாம். இதற்கு முன் பாலையூற்றில் ஒரு வீட்டைக் கையில் வந்ததாக நம்பி இழந்தவர்கள் நாங்கள் என்பதால், இந்த நான்கையும் இம்முறை நிதானமாகவே எடை போட்டேன்.

எந்த வழியைத் தெரிவதானாலும், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை முதலில் அறிய வேண்டும். எங்களோடு பேசியவர் வீட்டிலேயே வசிக்கும் மூத்த அண்ணன். ஆனால் தாய் தகப்பன் காலமான பின் வீடு மூன்று பிள்ளைகளுக்கும் பிரிக்கப்படாத பங்குகளாக வந்திருக்கிறது. தங்கைமார் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். நமது நாட்டுச் சட்டப்படி ஒரு பங்காளி தன் பங்கை மட்டுமே விற்கலாம். முழு வீடும் நம் கைக்கு வர வேண்டுமானால் மூவரும் கையொப்பமிட வேண்டும், அல்லது வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் கையொப்பமிட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி அனுப்ப வேண்டும். ஆகவே அண்ணனின் மௌனத்தை விலை பிடிக்காத மௌனமாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தவறு. இரவில் கனடாவோடு பேசி, யாருக்கு எவ்வளவு என்று முடிவு காணாத ஒரு குடும்பத்தின் மௌனமாகவும் அது இருக்கலாம்.

பேசாமல் காத்திருப்பது பலரும் நினைப்பது போல் கையைக் கட்டிக்கொண்டிருப்பதல்ல. கார்த்திகை மழை கொட்டிய மறுநாள் நானும் மனைவியும் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு வீட்டை மறுபடியும் போய்ப் பார்த்தோம். முன் முற்றத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. சமையலறைக்குப் பின்னால் மட்டும் கணுக்காலளவு நின்றது, அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழைய நீர்க்கறை ஒன்று புதுச் சுண்ணாம்புக்குக் கீழே மங்கலாகத் தெரிந்தது. முதல் நாள் வெயிலில் பார்த்தபோது அது எங்கள் கண்ணில் படவில்லை. மனைவி கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் ஊற்றிப் பார்த்தார். இனிப்பாகவே இருந்தது, ஆனால் கடலுக்கு அண்மையான கிணறுகள் கோடையில் உவர்ப்பேறக்கூடியவை என்பதால், பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஆடி, ஆவணியில் எப்படி என்றும் கேட்டுக்கொண்டோம்.

இந்த இடைவெளியில் செய்யக்கூடிய மற்றொரு வேலை காகிதங்களைப் பார்ப்பது. நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுகளுக்குரிய பதிவுகளை எடுத்துப் பார்க்கலாம்; நில அளவையாளரின் வரைபடத்தில் உள்ள எல்லைகள் நிலத்தில் உள்ள வேலியோடு பொருந்துகின்றனவா என்று நடந்து பார்க்கலாம். திருகோணமலையில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இது உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணியா, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தின் மேல் கொடுத்த பெர்மிட் காணியா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியாக இருந்தால், பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. பதில் வரும் முன்பே இது தெரிந்துவிட்டால் பல மாத அலைச்சல் மிச்சம். காத்திருப்பதன் பாதகம் ஒன்றே ஒன்று: அதற்கு எல்லை இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் நம் ஆட்களில் பலர் வீட்டுப் பேச்சை ஒதுக்கி வைத்து, தை பிறக்கட்டும் என்பார்கள். அதற்குள் இன்னொருவர் வந்து பார்த்துவிடுவார்.

விலையைக் கூட்டுவது, நாங்கள் கேட்டவர்களில் நால்வருக்கு மூவர் சொன்ன ஆலோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிலே வராதபோது கூட்டினால் நம்மோடு நாமே போட்டி போடுகிறோம். விற்பவருக்கு இன்னும் ஒரு கிழமை பேசாமல் இருந்தால் இன்னும் ஐந்து இலட்சம் வரும் என்று கற்றுக்கொடுக்கிறோம். கூட்டிய தொகை அத்தோடு நிற்பதுமில்லை. முத்திரை வரி பொதுவாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்பதால், ஒரு கோடியே 80 இலட்சத்துக்கு 7 இலட்சத்து 19 ஆயிரம் ரூபா ஆகிறது. பத்து இலட்சம் கூட்டினால் அதோடு 40 ஆயிரமும் ஏறும். வங்கியோ தன் மதிப்பீட்டாளர் சொன்ன பெறுமதியைப் பார்த்துத்தான் கடன் தரும், நாம் ஆசையில் கூட்டியதைப் பார்த்தல்ல. எனவே கூட்டிய ஒவ்வொரு ரூபாவும் கைக்காசிலிருந்துதான் போகும். விற்பவர் ஒரு எதிர்விலை சொன்ன பிறகு கூட்டுவது வேறு விஷயம். அப்போது பேச்சு தொடங்கிவிட்டது.

முற்பணம் கொடுக்கும் வழி வெளிப்பார்வைக்கு நான்கிலும் உறுதியானது. பாலையூற்றில் நாங்கள் அதைத்தான் செய்தோம். ஐந்து இலட்சம் ரூபாவை எண்ணிக் கொடுத்து, கொப்பித் தாளில் முத்திரை ஒட்டி விற்பவர் கையெழுத்திட்ட துண்டொன்றை வாங்கி, அலுமாரியில் பத்திரமாக வைத்தோம். ஆறு கிழமைக்குப் பிறகு வீடு வேறொருவருக்கு உறுதி எழுதப்பட்டுவிட்டது. எங்கள் காசு நான்கு மாதத்தில், இரண்டு தவணையாகத் திரும்பி வந்தது, வீடு வரவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அசையாச் சொத்தின் விற்பனை மட்டுமல்ல, விற்பதாக ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. துண்டுக் காகிதத்தைக் கொண்டு காசைத் திரும்பக் கேட்கலாமே தவிர, வீட்டைக் கேட்க முடியாது.

அதே முற்பணத்தை நொத்தாரிசு எழுதிய விற்பனை உடன்படிக்கையோடு கொடுத்து, அந்த உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்தால் நிலைமை முற்றாக மாறும். விற்பவர் பின்வாங்கினால் உறுதி எழுதித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் இது பதில் கிடைத்த பிறகு எடுக்கும் அடி. மூன்று பங்காளிகளில் ஒருவர் மட்டும் கையொப்பமிட்ட உடன்படிக்கை மற்ற இருவரையும் கட்டாது. ஆகவே பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களில், “கொஞ்சம் அட்வான்ஸ் போட்டா அண்ணன் மனம் மாறுவார்” என்று தரகர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் காசை நீட்டாதீர்கள் என்றே சொல்வேன்.

நான் தேர்ந்தெடுத்தது நான்காவது வழி, தேதி வைத்து எழுத்தில் கேட்பது. ஒரு பக்கக் கடிதம்: சொன்ன விலை, அதில் எவ்வளவு கைக்காசு, எவ்வளவு வங்கிக் கடன், உடன்படிக்கைக்குப் பின் எத்தனை கிழமையில் உறுதி முடிக்கலாம், உறுதி முடிந்த பின்னும் அண்ணன் மூன்று மாதம் அங்கேயே இருக்கலாம் என்ற இணக்கம், இறுதியாக ஒரு தேதி. இக்கடிதமும் எவரையும் சட்டப்படி கட்டாது. அது விற்பவரைப் போலவே நமக்கும் விடுதலை. இதைக் காட்டி வேறொருவரிடம் கூடிய விலை கேட்கவும் அவர்களால் முடியும். ஆயினும் கனடாவில் இருக்கும் தங்கைமார் தரகரின் வாய்வழியாக அரைகுறையாகக் கேட்டதை இப்போது தம் கண்ணால் வாசிக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிது. பெற்றோர் கட்டிய வீட்டை விடுகிறவர்களுக்கு அந்த மரியாதை உரியது. தேதி சொல்வதென்றால் அது உண்மையான தேதியாக இருக்க வேண்டும் என்பதால், சாம்பல்தீவில் இரண்டாவது வீடொன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம்.

கடிதத்தைத் தரகர் கையில் கொடுக்காமல், நேற்று மாலை நானே கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். “மூண்டு மாசம் இருக்கலாம் எண்டு எழுதியிருக்கிறியள்” என்றார். பிறகு கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்துத் தங்கைமாருக்கு அனுப்பினார். நாங்கள் குறித்த நாள் மார்கழி பிறப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை.