உப்போடு திறந்த மூடி: ஆயர் தாவாரில் ஒரு கேமரா பட்ட பாடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் லுமுட் படகுத்துறை, பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரி, தெலுக் நிப்பாவில் தலைக்கு மேல் பறக்கும் இருவாச்சி எல்லாம் நீங்கள் அறிந்ததுதான், அதில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் ஊர் திரும்பியபின், ஆயர் தாவார் டவுனில் ஒரு கடை மேசைமேல் ஐந்தே நிமிடத்தில் நடந்தது.

கேமரா ஒலிம்பஸ் டிஜி-6, 15 மீட்டர் ஆழம் தாங்கும் ரகம். கியாம் தீவோரம் இரண்டு மீட்டர்கூட இல்லாத தண்ணீரில் அரைநாள் கிடந்தது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் முக்குளிப்புப் படகுகளில் கேமராவுக்கென்றே நல்ல தண்ணீர்த் தொட்டி தனியாக இருக்கும். முகமூடியைக்கூட அதில் முக்க விடமாட்டார்கள். இங்கே கரையில் ஒரே குழாய், அதிலும் கால் மணல் கழுவ வரிசை. ஃபெரி ஏறி, கார் எடுத்து, செம்பனைக்கு நடுவே ஊர் வந்து சேர்வதற்குள் கேமராவின் பேட்டரி மூடி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. தாழ்ப்பாள் நகரவில்லை. கடையில் கொடுத்தாயிற்று.

கடைப்பையன் கழுவாமலே நெம்பித் திறந்தான். கம்ப்ரஸர் துப்பாக்கியால் உள்ளே காற்றடித்தான். டிஷ்யூவில் ஸ்பிரிட் நனைத்து மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தைத் தேய்த்தான். கடைசியாக மேலே வேசலின் தடவி மூடினான். இருபது வெள்ளி (ரிங்கிட்). மறுநாள் தெலுக் பாத்திக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் திரை கோடு கோடாகி அணைந்தது.

நாலும் தப்பு. பணிவோடு செய்த தப்பு என்பதால்தான் மனசு இன்னும் ஆறவில்லை.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். காய்ந்த உப்பு கூரான பொடி. மூடியைத் திறந்த கணமே அது வளையத்தின்மேலும் பேட்டரிக் குழிக்குள்ளும் உதிரும். திரும்ப மூடும்போது வளையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு பொடி மாட்டினாலும் அந்த இடத்தில் ரப்பர் படியாது, தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். காற்றடித்தது அதைவிட மோசம். 15 மீட்டர் ஆழத்தில் கேமரா தாங்கவேண்டிய கூடுதல் அழுத்தம் ஒன்றரை பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). டயர்க்கடைக் கம்ப்ரஸர் ஆறேழு பார் தள்ளும். மைக் துளைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு அதைத் தாங்குமா? ஸ்பிரிட் ரப்பரை வறளவைக்கும். வேசலின் தூசியை இழுத்து ஒட்டவைக்கும், சிலவகை ரப்பரை உப்பவும் வைக்கும். இந்த ரகக் கேமராவின் வளையத்துக்கு எந்தக் கிரீஸும் வேண்டாம். கிரீஸ் தடவும் வழக்கம் தனியாக வாங்கிக் கேமராவுக்கு வெளியே மாட்டும் தண்ணீர் புகாத கூட்டுக்கு (ஹவுசிங்) உரியது. அதிலும் தயாரித்தவர் தரும் கிரீஸ் மட்டும், வளையம் மினுங்கும் அளவுக்கு.

இதே டவுனில், அஞ்சடியில் (கடைவரிசை முன் நடைபாதையில்) ஒரு கண்ணாடிப் பெட்டியோடு கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் முதலில் போயிருக்க வேண்டும். கேமரா அணைந்தபிறகுதான் போனேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகி, மூடியை விளக்கடியில் சாய்த்துக் காட்டினார். வளையத்தின் மூலையில் கண்ணிமை முடி நீளத்துக்கு ஒரு டிஷ்யூ நார், பக்கத்தில் இரண்டு உப்புக் கல். பேட்டரி முனையில் அதற்குள் பச்சை பிடித்திருந்தது. "இனி ஆன் பண்ணிப் பாக்காதீங்க தம்பி, கரண்ட் போனா இன்னும் அரிக்கும்" என்றார். பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குழியை ஒற்றி, மூடியைத் திறந்தபடி மின்விசிறிக்கு முன்னால் வைத்தார். காசு வாங்கவில்லை. அரிசிக்குள் புதைக்கச் சொன்ன சொந்தக்காரர்கள் கவனிக்க: அரிசி உப்பை எடுக்காது, தன் மாவைத்தான் உள்ளே விடும்.

செய்யவேண்டியது தோட்டத்து லயத்து வீட்டில் அம்மாக்கள் சொன்னதுதான்: கடலில் குளித்துவிட்டு வந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் வாசல் ஏறாதே. கரைக்கு ஒரு மூடி போட்ட டப்பாவில் இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீர் கொண்டு போங்கள். கடலைவிட்டு ஏறியதும், ஈரம் காய்வதற்குள், மூடிய கேமராவை அதில் பத்து நிமிடம் ஊறப்போடுங்கள். லென்ஸைச் சுற்றிய வளையம் கழன்று வரும். அதன் அடியில்தான் மணல் தங்கும், கழற்றி அலசுங்கள். தண்ணீருக்குள்ளேயே எல்லாப் பட்டனையும் அழுத்தி விடுங்கள். குழாயை வேகமாகத் திறந்து நேராகப் பீய்ச்ச வேண்டாம். துடைத்து, நிழலில் முழுக்கக் காய்ந்தபிறகு, மூடி கீழே பார்க்கும்படி பிடித்துத் திறங்கள், சந்தில் நின்ற சொட்டு உள்ளே போகாது.

பேட்டரி மாற்றுவது ஏர்கான் அறையில் இருக்கட்டும். நம்மூர்ப் புழுக்கத்தில் வெளியே திறந்து மூடினால் ஈரக்காற்று உள்ளே அடைபடும், தண்ணீரில் குளிர்ந்ததும் லென்ஸின் உட்பக்கம் பனி படரும். வெயிலில் சுட்ட கேமராவை அப்படியே கடலில் முக்கினால் உள்காற்று சுருங்கி, வளையத்தின் வழியே தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் நிழலில் ஆறவிட்டு இறக்குங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போய்க் கடலில் நின்று படம் பிடிக்க, 10 மீட்டர் தாங்கும் கோப்ரோ தாராளம். மீன், பவளம் கிட்டத்தில் வேண்டுமென்றால் டிஜி-6, இல்லை 2023இல் வந்த டிஜி-7. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆழம் அசையாத நல்ல தண்ணீரில், புது வளையத்தோடு சோதித்தது. படகிலிருந்து கேமராவோடு குதித்தால் அந்தக் கணக்கு செல்லாது. வளையத்தை வருடம் ஒருமுறை கம்பெனி சர்வீசில் மாற்றச் சொல்கிறார்கள். ஊருக்குப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே நீங்கள் இருக்கும் இடத்திலேயே மாற்றிக்கொண்டு, குளியல் தொட்டியில் கேமராவை அரைமணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஆயர் தாவார் டவுனில் அந்த வளையம் கிடைக்கவில்லை.