உடைந்த அலுமினியம்: டிக் வெல்டிங்கா, பிரேசிங் ராடா, பசையா?

உடைந்த அலுமினியப் பாகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "இதன் மேல் ஏற்கெனவே எதையாவது பூசினீர்களா?" என்றுதான். எப்படி உடைந்தது என்பதெல்லாம் அப்புறம். பாதிப் பேர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு பசை போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை" என்பார்கள். அந்தப் பதிலோடு வேலை இரண்டு மடங்காகிவிடும்.

அலுமினியத்தை ஒட்டப் பல வழிகள் உண்டு. எது வலுவானது, எது மலிவானது, எதை வீட்டிலேயே செய்யலாம் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு வழி தோற்றால் அடுத்த வழிக்குப் போக முடியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி. டிக் வெல்டிங் (உருகாத டங்ஸ்டன் முனைக்கும் பாகத்துக்கும் நடுவே ஆர்க் என்ற மின்பொறியை எழுப்பி, உலோகத்தையே உருக்கி ஒட்டும் முறை) சரியாக வரவில்லை என்றால் அரைத்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். பசையும் பிரேசிங் ராடும் (பாகத்தை உருக்காமல், தான் மட்டும் உருகி ஒட்டும் கம்பி) அப்படியல்ல; தோற்றுப் போகும்போது அடுத்தவனுக்கும் இடைஞ்சல் வைத்துவிட்டுத்தான் போகும்.

சரி, இந்த உலோகம் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது? அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். உள்ளே உலோகம் கஞ்சியாகிவிட்டிருக்கும், வெளியே தோல் அப்படியே நிற்கும். போதாததற்கு, சாதாரண இரும்பைப் போல நான்கைந்து மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்திவிடும். இரும்பு சிவந்து எச்சரிக்கை கொடுக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் இருந்து, ஒரு நொடியில் 'பொத்'தென்று கீழே விழும். புதிதாகப் பழகுபவர்கள் எல்லோருக்கும் இது ஒருமுறையாவது நடந்திருக்கும்.

முதலில் டிக். விமான நிறுவனமான நார்த்ராப்பில் ரஸ்ஸல் மெரிடித் 1941இல் இந்த முறையை உருவாக்கியதே மக்னீசியம் போன்ற இலேசான உலோகங்களை ஒட்டத்தான். அப்போது காற்றை விலக்கி வைக்க ஹீலியம் பயன்பட்டது. இன்று பெரும்பாலும் சுத்தமான ஆர்கான். அலுமினியத்துக்கு ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம் வேண்டும். ஒரு பாதிச் சுற்றில் டங்ஸ்டன் எதிர்முனையாக இருந்து பாகத்தைச் சூடாக்குகிறது. மறு பாதியில் நேர்முனையாகி, பாகத்தின் மேல் உள்ள ஆக்சைடு தோலைப் பிய்த்தெறிகிறது. இரண்டுக்கும் எவ்வளவு பங்கு என்பதை இப்போதைய மெஷின்களில் நாமே திருப்பி வைத்துக்கொள்ளலாம். நல்ல பாகத்துக்குச் சூடாக்கும் பக்கம் 70 சதவீதம் போல வைப்பேன். பழைய அழுக்குப் பாகமென்றால் சுத்தம் செய்யும் பக்கத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். ரொம்பக் கூட்டினால் டங்ஸ்டன் முனை உருண்டையாகி, ஆர்க் அலையும்.

மெஷின் தோலைப் பிய்க்கும் என்பதால் சுத்தம் செய்யத் தேவையில்லை என்று நினைப்பவர்கள்தான் டிக் வெல்டிங்கின் பேரைக் கெடுப்பவர்கள். ஆர்க் மெல்லிய ஆக்சைடைத்தான் எடுக்கும், எண்ணெயை எடுக்காது. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைத் தாராளமாக உறிஞ்சிக்கொள்ளும். உறையும்போது வைத்துக்கொள்ள முடியாமல் வெளியே தள்ளும். தப்பிக்க முடியாத வாயு ஊசித்துளைகளாக உள்ளேயே நின்றுவிடும். அந்த ஹைட்ரஜன் வருவது எண்ணெய், ஈரம், கிரீஸ் இவற்றிலிருந்து. எஞ்சின் கவர் போன்ற வார்ப்புகள் வருடக்கணக்கில் எண்ணெய் குடித்தவை. அசிட்டோன் போட்டுத் துடைத்தால் மேல்பக்கம் பளபளக்கும். சூடு பட்டதும் உள்ளிருந்து கறுப்பாகக் கசியும். ஆகவே விரிசலை வி வடிவில் கார்பைடு பர்ரால் (சுழன்று அரைக்கும் முனை) திறந்து, பாகத்தை மெதுவாகச் சூடாக்கி எண்ணெயை வெளியேற்றி, துடைத்து, அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்த்து, முதல் ஓட்டத்தை அழுக்கை மேலே கொதிக்க வைப்பதற்காகவே ஓட்டி, அதை அரைத்து எறிந்துவிட்டு, பிறகுதான் உண்மையான வெல்டிங். விரிசலின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டின சூட்டிலேயே அது இன்னும் நீளும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை வெல்டிங் வேலைக்கு அருகில்கூட வைக்காதீர்கள். ஆர்க்கின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் அதை ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயுவாக மாற்றிவிடும்.

டிக்கில் இணைப்பை நிரப்ப உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் ராட் விஷயத்தில் இரண்டு பெயர்கள்தான் அடிக்கடி அடிபடும். 4043இல் சிலிக்கான் சுமார் 5 சதவீதம். நன்றாக ஓடும், விரிசல் விடாது, வார்ப்புகளுக்கு ஏற்றது. 5356இல் மக்னீசியம் சுமார் 5 சதவீதம். கொஞ்சம் வலு கூடுதல், அனோடைஸ் செய்தால் (மின்சாரத்தால் ஆக்சைடு தோலைத் தடிப்பாக்கினால்) நிறம் ஒத்துப்போகும். 4043 அங்கே கரும்சாம்பலாகித் தனியாகத் தெரியும். ஆனால் தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் 5356 வேண்டாம். நாளடைவில் விரிசல் விடும். எஞ்சினில் உட்காரும் எதற்கும் 4043 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

டிக்குக்கும் ஒரு குறை உண்டு, வெல்டர்கள் அதை அதிகம் சொல்ல மாட்டார்கள். சுட்டுக் கடினமாக்கிய 6061-டி6 கலவை 310 மெகாபாஸ்கல் வரை இழுவை தாங்கும். ஒட்டிய பிறகு ஒட்டுக்குப் பக்கத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வரை உலோகம் தளர்ந்து, அந்த வலு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஒட்டு அழகாக இருக்கும். அதன் ஓரத்தில்தான் அடுத்த உடைவு வரும். பாகம் முழுவதையும் 530 டிகிரிக்குச் சூடாக்கி, நீரில் தோய்த்து, மறுபடி 160, 170 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்தால் வலு திரும்பும். உடைந்த பாகத்தைப் பழுதுபார்க்கும் இடத்தில் யார் இதைச் செய்கிறார்கள்? ஆகவே பக்கத்தில் தடிமன் கூட்டி, ஒரு பட்டை வைத்துத் தாங்கல் கொடுப்பதுதான் நடைமுறை.

அடுத்து, வீடியோக்களில் கலக்கும் பிரேசிங் ராட். பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்தது. 380, 390 டிகிரியில் உருகும். குளிர்பான டப்பாவில் ஓட்டை போட்டு, சின்ன கேஸ் டார்ச்சால் அடைத்துக் காட்டுவார்கள். பொய்யில்லை, அப்படியே நடக்கும். டப்பாவின் தகடு காகிதம் போன்றது, நொடியில் சூடாகிவிடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கையளவு தடிமனான வார்ப்பைக் கொடுத்தால், அதே டார்ச் அரை மணி நேரம் எரிந்தாலும் பாகம் சூட்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். பொறுமை இழந்தவர் ராடைத் தீயிலேயே காட்டி உருக்கிச் சொட்டவிடுவார். அது ஒட்டாது, பனித்துளி மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும், நகத்தால் தள்ளினால் வந்துவிடும். தீயின் சூட்டில் உருக்குவதல்ல, பாகத்தின் சூட்டில் ராட் உருக வேண்டும். உருகியதும் அந்தக் குளத்துக்கு அடியில் ஸ்டெயின்லெஸ் கம்பியால் சுரண்டி ஆக்சைடு தோலைக் கிழிக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்பவருக்கு ராட் நன்றாகவே வேலை செய்கிறது.

'குறைந்த வெப்பம், அதனால் பாகத்துக்குச் சேதமில்லை' என்ற விளம்பரத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டிக் ஓர் அங்குலத்தைத் தளர்த்துகிறது. ராடுக்காகப் பாகத்தின் பெரும்பகுதியை 390 டிகிரிக்கு ஏற்றினால், டி6 கடினம் அந்தப் பகுதி முழுவதிலும் போய்விடும். 6061ஐ வேண்டுமென்றே மென்மையாக்குபவர்கள் வைக்கும் சூடே 410 டிகிரி சுமார்தான். இதற்கு மேல், ஈரமும் உப்பும் படும் இடத்தில் துத்தநாகம் சீக்கிரம் அரித்துப் போகும். ராடுக்கு நான் கொடுக்கும் இடம் இவ்வளவுதான்: மெல்லிய குழாயில் ஊசித்துளை, பாரம் தாங்காத மூடியில் பொத்தல், தேய்ந்த ஒரு முனையை மேடேற்றுவது. குளிர்சாதன (ஏர் கண்டிஷனர்) கண்டென்சர் குழாய்க்கு டிக்கைவிட இதே பரவாயில்லை என்றுகூடச் சொல்வேன். அந்த மெல்லிசில் டிக் பிடிக்கக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

எபாக்சி பசையைப் பற்றி வெல்டர்கள் ஏளனமாகப் பேசுவார்கள். நான் பேச மாட்டேன். சூடே இல்லாமல் வேலை முடிகிறது. உள்ளே இருக்கும் பேரிங், சீல், ரப்பர் எதற்கும் ஆபத்தில்லை, பாகம் கோணாது. எண்ணெய்த் தொட்டியில் வியர்வை போலக் கசியும் இடம், பம்ப் உறையில் மயிரிழை விரிசல், இவற்றுக்கு உலோகத்தூள் கலந்த எபாக்சி வருடக்கணக்கில் நிற்கும். அச்சுக்குள் அழுத்தி வார்க்கப்பட்ட மலிவான உறைகள் சில டிக்கை ஏற்கவே ஏற்காது. வார்க்கும்போதே சிக்கிய வாயு ஆர்க் பட்டதும் நுரையாகக் கிளம்பும். அங்கே பசைதான் மரியாதை. ஆனால் போல்ட் மாட்டும் உடைந்த காதை, நெம்புகோலை, எதையாவது பிடித்துத் தொங்கும் கையைப் பசையால் ஒட்டாதீர்கள். நேராக இழுத்தால் ஓரளவு தாங்கும். ஓரத்திலிருந்து உரித்தால் தாள் மாதிரி வந்துவிடும். அதிர்வு என்பது ஓயாமல் உரிப்பதுதான். சூட்டையும் கவனியுங்கள்: சாதாரண எபாக்சி கொதிநீர்ச் சூட்டுக்கு முன்பே தளர ஆரம்பிக்கும். எஞ்சின் பக்கமென்றால் அதிக வெப்பம் தாங்கும் வகையைத் தேடி வாங்க வேண்டும்.

மிக், அதாவது ஃபில்லர் கம்பியே மின்முனையாகித் தானாக வந்து உருகும் வெல்டிங், அதைப் பற்றிப் பேச அதிகமில்லை. தடித்த தகடு, நீளமான ஒட்டு, நிறைய வேலை, இதற்கு அது வேகமானது. மென்மையான கம்பி குழாயில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க ஸ்பூல் கன் (கம்பிச் சுருளைத் தன்மேலேயே வைத்திருக்கும் வெல்டிங் துப்பாக்கி) வேண்டும். உடைந்த பாகம் என்று வரும்போது, சூட்டையும் ஃபில்லரையும் தனித்தனியாக ஆள முடியாததுதான் அதன் பிரச்சினை. ஆரம்பித்த இடத்தில் பாகம் இன்னும் குளிர்ந்திருக்கும், கம்பி மட்டும் மேலே குவிந்திருக்கும். டிக்கில் காலடியில் பெடல் இருக்கிறது. உலோகம் கேட்கும்போது கொடுத்து, போதும் என்னும்போது விடலாம்.

எந்த வழியையும் தேர்ந்தெடுக்கும் முன், கையில் இருப்பது அலுமினியம்தானா என்று பார்த்துவிடுங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் அலுமினியமல்ல. அளவுக்கு மீறிக் கனத்தால் அது துத்தநாக வார்ப்பு. டிக் பட்டால் புகையாகப் போய்விடும். வியக்கும் அளவு இலேசாக இருந்தால் மக்னீசியமாக இருக்கலாம். மரம் அறுக்கும் செயின் ரம்பத்தின் உடல், சில பைக் கவர்கள் அப்படிப்பட்டவை. சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் மக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். மக்னீசியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதால் இந்தச் சோதனையைக் கிரைண்டர் எடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். அலுமினியத்திலேயே 7075, 2024 போன்ற கலவைகள் ஆர்க்கில் ஒட்டினால் உறையும்போதே விரிசல் விடும். அவற்றில் செய்த பாகத்தை ஒட்டித் தருகிறேன் என்பவரிடமிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

சைக்கிள் ஃபிரேம் அடிக்கடி வரும். 6061 ஃபிரேமைத் தொழிற்சாலையில் ஒட்டி முடித்து, முழு ஃபிரேமையும் சூளையில் வைத்துக் கடினமாக்குகிறார்கள். நான் ஒட்டினால் அந்த இடம் தளர்ந்தேதான் இருக்கும். 7005 ஃபிரேம் கொஞ்சம் தயவு காட்டும். ஒட்டிய பின் நாள்பட இருந்தே இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும். எப்படியிருந்தாலும் கைப்பிடித் தண்டு, முன் ஃபோர்க், பிரேக் பாகம், ஏணி இவற்றை நான் தொடுவதில்லை. அங்கே டிக், ராட், பசை மூன்றையும் புதிய பாகம் தோற்கடிக்கிறது. சக்கர ரிம்மும் அப்படியே. விளிம்பில் சின்னக் கீறல் என்றால் யோசிக்கலாம், ஆரக்கால் பக்கம் விரிசல் என்றால் பழைய இரும்புக் கடைதான்.

ஒரு பைக்கின் கியர் கவர் வந்தது. போல்ட் மாட்டும் காது ஒன்று உடைந்திருந்தது. முதலில் வந்திருந்தால் டிக்குக்கு அரை மணி வேலை. உரிமையாளர் பசை போட்டிருக்கிறார், ஒரு வாரத்தில் விட்டிருக்கிறது. அதன் மேலேயே ராடைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். கருகிய பசை ஒரு பக்கம், துத்தநாகம் ஒரு பக்கம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். ஆர்க் தொட்டதும் வெள்ளைப் புகை, சடசடவென்று தெறிப்பு, டங்ஸ்டன் முனை நாசம். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும் என்பதால் நிறுத்திவிட்டேன். கடைசியில் கெட்டுப்போன மூலை முழுவதையும் நல்ல உலோகம் தெரியும் வரை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு 6061 துண்டில் காது மாதிரி அரம் போட்டுச் செய்து, 4043 ராடால் பதித்து, துளையை மறுபடி போட்டுக் கொடுத்தேன். வெல்டிங் நாற்பது நிமிடம். வெட்டியதும் அரைத்ததும் சுரண்டியதும் ஒரு பகல்.