பொரித்து மிஞ்சிய எண்ணெய்: பயோடீசலா, விமான எரிபொருளா, சாண எரிவாயுவா?

திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெயில் உருவாகும் கெட்ட பொருள்களான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அப்படிக் கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். மலிவு விலைக்குக் கைமாறினால் வேறொரு வாணலிக்கே திரும்பும். எரிபொருளாக்க மூன்று வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதை எண்ணெயில் கலந்த நீரும், பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலமும்தான் முடிவு செய்யும்.

முதலில் பயோடீசல். மெத்தனாலோடு காஸ்டிக் சோடா எவ்வளவு சேர்ப்பது என்று அறிய ஒரு சோதனை. 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, நிறம் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, லிட்டருக்கு 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். இளஞ்சிவப்பு நிலைக்க 2 மில்லி பிடித்தால், லிட்டர் எண்ணெய்க்குத் தேவையான காஸ்டிக் 3.5 (புது எண்ணெய்க்கே ஆகும் அளவு) + 2 = 5.5 கிராம். ஆக 100 லிட்டருக்கு 550 கிராம், மெத்தனால் 20 லிட்டர். 55 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி, இரவு முழுக்க விட்டால் கிளிசரின் அடியில் தங்கும். வெப்பத்தைக் கூட்டக் கூடாது: மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், அதன் ஆவி நஞ்சு, தீப்பற்றினால் பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. ஆகவே கடையின் பின்கட்டில் காய்ச்சும் வேலை இதுவல்ல.

கெடுவது பெரும்பாலும் நீரால்தான். நீரோ அமிலமோ மிகுந்தால் காஸ்டிக் சோப்பாக மாறி, கழுவும்போது எல்லாம் பால்போலக் குழம்பிவிடும். சோதனையில் 3 மில்லிக்கு மேல் போனால் முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் விட்டு அமிலத்தைக் குறைக்க வேண்டும், செலவு ஏறும். முடிந்ததா என்று பார்க்க, 3 மில்லி பயோடீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்குங்கள். அடியில் எண்ணெய் தங்கினால் வினை முழுமையாகவில்லை. நம் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் பாமாயில் என்பதால், ஊட்டிக் குளிரில் இது கலங்கி வடிகட்டியை அடைக்கும்.

இரண்டாவது, விமான எரிபொருளாக்கும் ஹைட்ரஜன் வழி. அதில் இந்தக் குறை இல்லை. 300 டிகிரிக்கு மேல், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனால் ஆக்சிஜனை நீக்கி, பிறகு குளிரில் உறையாதபடி மூலக்கூறுகளைக் கிளைவிடச் செய்வதால் கிடைப்பது அசல் ஹைட்ரோகார்பன். விமான எரிபொருளில் 50 சதவீதம் வரை கலக்கலாம். சர்வதேச விமானங்களுக்கு 2027இல் 1 சதவீதம், 2028இல் 2 சதவீதம் என்பது இந்தியாவின் இலக்கு. ஆனால் இது சுத்திகரிப்பு ஆலையின் வேலை. பண்டத்திலிருந்து கரைந்த உப்பும் பாஸ்பரஸும் வினையூக்கியைப் பாழாக்கும். அதனால் சுத்தமான எண்ணெய்தான் கேட்பார்கள்.

கழுவுநீரிலிருந்து கொழுப்பைப் பிடிக்கும் தொட்டியான கிரீஸ் ட்ராப்பில் மிதக்கும் கசடு இரண்டுக்கும் ஆகாது. அதற்குச் சாண எரிவாயுக் கலம்தான் சரியான இடம். கொழுப்பு 1 கிலோவில் கோட்பாட்டளவில் 1 கன மீட்டர் மீத்தேன் வரும். மாவுச்சத்தில் அதில் பாதிகூட வராது. ஆசையில் ஒரேயடியாக ஊற்றினால் நீண்ட கொழுப்பு அமிலங்கள் நுண்ணுயிரிகள்மேல் படிந்து வாயு நின்றுவிடும். மேலே நுரையும் ஏடும் கட்டும். சிறிது சிறிதாகத் தினமும் கொடுங்கள்; காரகாடி எண் (pH) 6.8க்குக் கீழே இறங்கினால் நிறுத்துங்கள்.

கடைக்காரர் செய்ய வேண்டியது: நல்ல எண்ணெயை ஆறியபின் துணியில் வடித்து, காய்ந்த கேனில் ஊற்றி மூடி, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் விற்பது. ட்ராப் கசடை அந்தக் கேனில் ஒரு குவளைகூடச் சேர்க்கக் கூடாது.