கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ்: பன்னிரண்டு வருஷம், மூணு டேட்டாபேஸ்

திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் பார்க்கிறேன். பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், டெலிவரி சலான், சாயப்பட்டறைக் கணக்கு என்று எண்பது ரிப்போர்ட்டுக்கு மேல் கிரிஸ்டலில், அதாவது டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுத்து அச்சுக்கு அடுக்கித் தரும் சாஃப்ட்வேரில், ஓடுகிறது. கட்டம் போட்டு அச்சடிக்க இன்றைக்கும் எனக்கு இதுதான் வசதி. தூக்கத்தைக் கெடுத்தது வேறு சங்கதி: ஒரே ரிப்போர்ட்டை டெவலப்மென்ட், டெஸ்ட், லைவ் என மூன்று டேட்டாபேஸுக்கும் திருப்பிவிடுவது.

கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அப்ளிகேஷன் அந்த வரியைக் கேட்கும், ரிப்போர்ட் கேட்காது. எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ் என்பதெல்லாம் ரிப்போர்ட்டைச் சேமித்திருக்கும் ஆர்பிடி கோப்புக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. ஓடும்போது மாற்ற வேண்டுமென்றால் ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு டேபிளுக்கும் லாக்ஆன் விவரத்தைப் புரோகிராம் கோடில் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஒரு லூப், பத்து வரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அண்ணன் தாளைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். "ஏனுங் தம்பி, மேல ஆர்டரெல்லாம் சரியாத்தான் இருக்கு. கீழ இந்த ‘டெஸ்ட் சாயப்பட்டறை 3’ யாருங்க? இவங்களுக்கு எப்பத் துணி குடுத்தோம்?"

மேல் பாதி லைவிலிருந்து வந்திருக்கிறது. கீழே இருந்த சப்ரிப்போர்ட், அதாவது ரிப்போர்ட்டுக்குள் வைத்த குட்டி ரிப்போர்ட், டெஸ்ட் சர்வரிலிருந்து வந்திருக்கிறது. சப்ரிப்போர்ட்டுக்குத் தனி இணைப்பு உண்டு, அதற்குள்ளும் லூப் போக வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. விண்டோஸ் லாகின் வைத்திருந்ததால் பாஸ்வேர்டும் கேட்கவில்லை; டெஸ்ட் சர்வர் சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. அன்றைக்கே லைவ் பயனருக்கு டெஸ்ட் சர்வரில் இருந்த அனுமதியைப் பிடுங்கினேன். இனி மறந்தால் ரிப்போர்ட் பிழை காட்டி நிற்கும், பொய் சொல்லாது.

ஒரே சர்வரில் பெயர் மட்டும் வேறான இரண்டு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். டேபிள் எங்கே இருக்கிறது என்று ரிப்போர்ட் குறித்துவைக்கும் லொகேஷனில் பழைய டேட்டாபேஸ் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தால், லாக்ஆன் சரியாக ஆகும், டேட்டா மட்டும் பழைய இடத்திலிருந்தே வரும். அந்த முன்னொட்டை வெட்டிவிட்டு வெறும் டேபிள் பெயரை வைத்தால் சரியாகிவிடும்.

கோடே வேண்டாம் என்று நடுவில் கொஞ்ச காலம் ஓடிபிசிக்கு, அதாவது டேட்டாபேஸ் இணைப்பை விண்டோஸிலேயே பதிந்துவைக்கும் வழிக்கு, போனேன். எல்லா மெஷினிலும் டிஎஸ்என் (அப்படிப் பதிந்த இணைப்பு) பெயர் ஒன்றே, அது காட்டும் சர்வர் மட்டும் வேறு. அழகான ஏற்பாடுதான், 32 பிட், 64 பிட் தகராறு வரும் வரைக்கும். 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகி இரண்டு இருக்கிறது. சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட். கோப்பின் பெயரோ இரண்டிலும் ஒன்றே. பெயர் வைத்தவருக்குப் புண்ணியமாகப் போகட்டும். ஒன்றில் டிஎஸ்என் போட்டுவிட்டு, இன்னொன்றைப் பார்க்கும் அப்ளிகேஷனோடு அரை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

புது ரிப்போர்ட்டுகளை இப்போது மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் சாஃப்ட்வேரான எஸ்எஸ்ஆர்எஸ்ஸில் போடுகிறேன். சர்வருக்கு ஒரு ஷேர்டு டேட்டா சோர்ஸ் (எல்லா ரிப்போர்ட்டுக்கும் பொதுவான இணைப்பு), ரிப்போர்ட்டுகள் அதைச் சுட்டினால் போதும். ஓவர்ரைட் டேட்டாசோர்சஸ் என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ என்றே விட்டுவைத்தால், புதிதாக ஏற்றும்போது லைவ் இணைப்பை மிதிக்காது. இந்த ஒரு விஷயத்தில் கிரிஸ்டலை விட இது நிம்மதி. அச்சு அமைப்பில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

பழைய எண்பதையும் மாற்ற நேரமில்லை. அதனால் உள்ளே மட்டும் புழங்கும் ரிப்போர்ட்டுகளின் அடியில், சப்ரிப்போர்ட்டுகளிலும்தான், சர்வர் பெயரையும் டேட்டாபேஸ் பெயரையும் குவெரியிலேயே எடுத்துப் பொடி எழுத்தில் அச்சாகும்படி வைத்துவிட்டேன். அண்ணன் இப்போதெல்லாம் தாள் கைக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியை இறக்கி அதைத்தான் முதலில் படிக்கிறார். கூட்டுத்தொகை அப்புறம்தான்.