டர்பன் கடலில் 7 வருடம், 3 போர்டு

கோவளத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்த வருடமே சர்ஃப் போர்டு, அதாவது அலைமேல் நின்று சறுக்கும் பலகை, வாங்கிவிட்டேன். இப்போது வீட்டில் மூன்று இருக்கின்றன. எதை முதலில் வாங்கலாம் என்று ஊர்த் தம்பிகள் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது 6 அடி 1 அங்குல ஷார்ட்போர்டு, மூன்று ஃபின் (பலகையின் அடியில், வால்பக்கம் இருக்கும் மீன்துடுப்பு மாதிரியான தகடு). 1981-இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் இந்த அமைப்போடு போட்டிகளில் ஜெயித்த பிறகு இதுவே எங்கும் வழக்கமாகிவிட்டது. ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து பெரிய அலை வரும்போது டர்பன் கடற்கரையின் நியூ பியர் பக்கம் இதுதான் என் போர்டு. அலை செங்குத்தாக விழும்போது, மேல்நோக்கி வளைந்த மூக்கு தண்ணீரில் குத்தாது. திரும்பும்போது நடு ஃபின் பின்காலுக்குப் பிடிமானம் கொடுக்கும். ஆனால் கோடையின் இடுப்பளவு அலையில் அப்படியே நின்றுவிடும். முதல் கோடை முழுக்கத் தோள் வலிக்கத் துழாவினேன். எனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து விட்டுவிடவே பார்த்தேன்.

அப்புறம் ஒரு நண்பரின் 9 அடி 2 அங்குல லாங்போர்டை வாங்கிப் பார்த்தேன். அதே அலை, அதே நான். உடைவதற்கு முன்னால் வெறும் மேடாக இருக்கும்போதே அலையில் ஏறிக்கொண்டது. அடுத்த மாதமே சொந்தமாக ஒன்று வாங்கினேன், ஒற்றை ஃபின். அலை வால்பகுதியின் மேல் ஏறி அழுத்திப் பிடிப்பதால் முன்னால் நடந்துபோய் நுனியில் நிற்கலாம். முதல்முறை விரல்கள் நுனியைத் தொட்டபோது காலடியில் போர்டே இல்லாத மாதிரி இருந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த நிமிடத்துக்காகவே இதை வைத்திருக்கலாம். கஷ்டமும் உண்டு. உடைகிற அலைக்கு அடியில் முங்கிப் போக முடியாது. கூட்டத்தில் கைநழுவினால் யார் தலையிலாவது படும்.

மூன்றாவது, 5 அடி 8 அங்குல ஃபிஷ். 1967-இல் அமெரிக்காவின் சான் டியகோவில் ஸ்டீவ் லிஸ் மண்டியிட்டு ஓட்டுவதற்காகச் செய்த வடிவம்: அகலம், தட்டையான அடி, மீன்வால், இரண்டு ஃபின். வலுவில்லாத அலையிலும் வேகம் குறையாது. ஷார்ட்போர்டு பழக்கத்தில் பின்காலால் உதைத்துத் திருப்பினால் வால் வழுக்கிவிடும். முன்காலில் எடை வைத்து, ஓரத்தைச் சாய்த்து, நீளமாகத் திருப்ப வேண்டும். எனக்கு அது கைவர இரண்டு மாதம் ஆனது. என்னுடையது எபாக்ஸி பிசின் பூசிச் செய்தது, எடை குறைவு. காலையில் கரைக்காற்று இருக்கும்வரை சுகம். வெயில் ஏறி வடகிழக்குக் காற்று, நம் ஊர் வாடை மாதிரி, அலையைக் கலைத்துவிட்டால் தடதடவென்று குதிக்கும். ஒரு பிப்ரவரி மதியம் மூடிய காரில் விட்டுவிட்டு வந்ததில் மேல்தோல் கொப்பளித்து, ஒட்டுவதற்கு நிறையச் செலவானது. போர்டை வெயில் காரில் விடாதீர்கள்.

இரண்டாவது போர்டு வாங்கும்போது முதலாவதிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் மாறுபட்டதை எடுக்காதீர்கள். முதலாவது எந்த அலையில் படுத்துவிடுகிறதோ, அந்த அலைக்கானதை எடுங்கள். புதிதாகக் கற்பவர் என்றால் சரி, கண்ணை மூடிக்கொண்டு நீளமானதிலிருந்து தொடங்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா, இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்தவர். 1989 வரை இங்கே கடற்கரைகளை இனவாரியாகப் பிரித்திருந்தார்கள். வெள்ளையருக்கான நார்த் பீச் மணலில் அப்போது அவரால் கால் வைக்க முடியாது. போன ஞாயிறு அதே நார்த் பீச்சில் அவர் பேத்தி என் லாங்போர்டில் எழுந்து நின்று, முழங்கால் அலையில் கரைவரை வந்தாள். தாத்தா பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார்.